வலது மடிப்பு

திங்கட்கிழமை நடுப்பகலில் இதழாசிரியர் இகராஷி வந்தார். வழக்கமாக அவர் கையில் ஒரு கட்டு அஞ்சலட்டை இருக்கும். அன்றைக்கு மூன்று கட்டு. வாசலில் ஷூவைக் கழற்றும்போதே முகம் மலர்ந்திருந்தது. பத்திரிகைக்காரர் முகம் மலர்ந்து வந்தால் நல்லதுக்கில்லை என்பது என் கணக்கு. ஏழு வருஷத்தில் அந்தக் கணக்கு ஒரு தடவையும் பொய்த்ததில்லை.

எங்கள் வார இதழின் கடைசியில் ஓர் அட்டையை வைத்துத் தைத்திருப்பார்கள். படிக்கிற பெண்பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த மூன்று படக்கதைகளை அதில் குறித்து அனுப்ப வேண்டும். அந்த அட்டைகளை எண்ணி வாராவாரம் வரிசை போடுவார்கள். எது ஓடும், எது நிற்கும் என்பதெல்லாம் அந்த வரிசைதான். இதழில் இருபது தொடர்கள். எங்களுடையது அந்தக் குளிர்காலம் முழுக்கப் பதினான்காம் இடத்தில் முனகிக்கொண்டு கிடந்தது.

எங்களுடையது என்று நான் சொல்வது வாய் ருசிக்குத்தான். இதழில் போடுவது நோமுரா மினேகோ என்ற பெயர் மட்டும். நான் யாசுயோ, அவளிடம் வேலை பார்க்கிறவள். பள்ளியில் இருவரும் ஒரே பெஞ்ச். நாற்பத்து மூன்று வயதிலும் ஒரே மேசை. அவள் கதை யோசிப்பாள், பென்சிலில் உருவம் போடுவாள், முகங்களுக்கு மை போடுவாள். துணி என்னுடையது. கிமோனோவின் பூ, இடுப்புப் பட்டையின் முடிச்சு, காற்றில் பறக்கும் அகலமான உடுப்புக் கை, எல்லாவற்றையும் நான்தான் வரைந்து மை போடுவேன். கீழே தோஃபு கடை. அவித்த சோயாவின் வாசனையில்தான் எங்கள் பட்டுக் கிமோனோக்களெல்லாம் நெய்யப்பட்டன.

"ரெண்டாமிடம்" என்றார் இகராஷி.

மினேகோ ஆரஞ்சுத் தோலை உரித்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. அவர் கட்டைப் பிரித்து, எங்கள் கதாநாயகியைப் பற்றி வந்த ஓர் அட்டையை வாசித்தார். சிகுசா அக்கா செத்துவிட்டாரா, எப்போதிலிருந்து என்று யாரோ ஆறாம் வகுப்புப் பெண் கேட்டிருந்தாள். அடுத்த அட்டையிலும் அதே கேள்வி. அதற்கடுத்ததில், எனக்கு அப்போதே தெரியும், அவர் ஆவிதான் என்று ஒருத்தி அடித்துச் சொல்லியிருந்தாள். எங்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. இகராஷி போன வார இதழை விரித்து, கடைசிப் பக்கத்துப் படத்தில் சிகுசாவின் கழுத்துக்குக் கீழே விரலை வைத்தார்.

உயிரோடு இருக்கிறவர்கள் கிமோனோவின் இடது மடிப்பு மேலே வரும்படி உடுத்துவார்கள். ஆணும் பெண்ணும் குழந்தையும் எல்லோரும் அப்படித்தான். வலது மடிப்பு மேலே வந்தால் அது பிணத்துக்கு. மூன்று வயதுப் பிள்ளை விளையாட்டாக மாற்றிக் கட்டினால்கூட வீட்டில் முதுகில் ஒன்று விழும். அந்தப் படத்தில் சிகுசாவுக்கு வலது மடிப்பு மேலே இருந்தது. பிளம் பூ போட்ட கிமோனோ. ஒரு முழுநாள் உட்கார்ந்து ஒவ்வொரு பூவாக நான் வரைந்தது.

மினேகோவும் பார்த்திருந்தாள், இகராஷியும் பார்த்திருந்தார், அச்சகத்திலும் பார்த்திருப்பார்கள். ஒருவர் கண்ணிலும் படவில்லை. பெரியவர்கள் முகத்தையும் ஆயுதத்தையும் பார்த்தார்கள், பிள்ளைகள் துணியைப் பார்த்தார்கள்.

சிகுசா யார் என்று சொல்ல வேண்டும். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய எடோ நகரத்தில், அதாவது பழைய டோக்கியோவில், குசும்பப்பூவிலிருந்து உதட்டுச் சாயம் எடுத்து விற்கிறவரின் மகள். நாகினாதா வீசுவாள். ஆளுயரப் பிடியும் நுனியில் வளைந்த வாளுமாக இருக்கிற ஆயுதம் அது. சண்டைக்குப் போகும் முன்னால் உதட்டுக்குச் சாயம் தீட்டுவாள். கிமோனோக் கைகளைச் சிவப்புக் கயிற்றால் தூக்கிக் கட்டுவாள். மழையில் சண்டை போட மாட்டாள், துணிச் சாயம் இறங்கிவிடும் என்பாள். ஒரு தடவை பாலத்தின் மேல் ஆறு பேரை வீழ்த்திவிட்டு, நகம் உடைந்துவிட்டது என்று உட்கார்ந்து அழுதாள். அந்த வாரம் ஐந்தாமிடம் வந்தோம்.

இகராஷிக்கு அது என்றைக்கும் உறுத்தல்தான். நல்ல மனிதர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சிகுசாவுக்காக மேலிடத்தில் சண்டை போட்டு இடம் வாங்கித் தந்ததே அவர்தான். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவை வந்து, முடியை வெட்டிவிடலாமா, ஆண்பிள்ளைக் கால்சட்டை போடலாமா என்று ஆரம்பிப்பார். சண்டைக்காரி என்றால் சண்டைக்காரி, சிங்காரி என்றால் சிங்காரி, இரண்டையும் ஒருத்தி தலையில் கட்டினால் யார் நம்புவார்கள் என்பார். மினேகோ டீ ஊற்றுவாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு பூ வரைவேன்.

இப்போது அவருக்கு வேறு யோசனை வந்திருந்தது.

"இதைத் தப்புன்னு சொல்லிக்க வேண்டாம்" என்றார். "நீங்க முன்கூட்டியே ஒரு குறிப்பு வச்சதா இருக்கட்டும். கோயிலுக்குள்ள நாப்பது பேர் நிக்கறான். அவ உள்ள போறா. செத்துடறா. ஷுமே வந்து பழிவாங்கறான். அதுக்கப்புறம் ஷுமேயை வச்சே ஒரு வருஷம் ஓட்டலாம் நோமுரா அம்மா."

ஷுமே கதையில் வருகிற இளம் சாமுராய். சிகுசா மேல் காதல் கொண்டு, ஏழு வருஷமாக வேலியோரம் நின்று பெருமூச்சு விட்டதைத் தவிர வேறெதுவும் செய்யாதவன். அந்தப் பெருமூச்சுக்காரனுக்கு என் சிகுசாவைப் பலி கொடுத்து வாள் வாங்கித் தரப் போகிறார்கள்.

யோசிக்கிறேன் என்றாள் மினேகோ. யோசிக்க ஒன்றுமில்லை என்றார் அவர். சாகாவிட்டால் மறுபடி பதினான்காமிடம், இந்த இளவேனிலோடு தொடரை நிறுத்துவது என்று மேலிடத்தில் ஏற்கெனவே பேச்சு. செத்தால் ஒரு வருஷம். அதை அவர் ஆரஞ்சுகளைப் பார்த்துச் சொன்னார். ஆரஞ்சு ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மினேகோ என்னைத் திட்டவில்லை. ஏன் இப்படி வரைந்தாய் என்றுகூடக் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை. போன மாதம் என் தங்கை கானாயே இறந்ததற்கு நான் மூன்று நாள் விடுப்பு எடுத்துத் திரும்பி வந்து முதலில் உட்கார்ந்து வரைந்த துணி அது. அதனால் கேட்கவில்லை. ஈமச்சடங்குக்கு வெள்ளைப் பூ அனுப்பியிருந்தாள். அதோடு அந்தப் பேச்சை இருவரும் மூடி வைத்திருந்தோம்.

புதன்கிழமைக்குள் மினேகோ சாவை வரையத் தொடங்கிவிட்டாள். கட்டம் பிரித்த கரட்டுப் பென்சில் படங்கள்தான், ஆனால் கை நன்றாக ஓடியது. பல மாதமாக அப்படி ஓடிப் பார்க்கவில்லை. கோயில் முற்றத்தில் பனி. நாற்பது பேர். கயிறு அறுந்து கிமோனோக் கைகள் அவிழ்ந்து விழுகின்றன. அவள் மல்லாந்து கிடக்கிறாள், உதட்டுச் சாயம் கலையவில்லை. ஷுமே மடியில் தூக்கி வைத்துக்கொள்கிறான்.

"அழகா வருதுடி" என்றாள் மினேகோ. சொல்லிவிட்டு என்னைப் பார்க்கவில்லை. "எனக்கும் களைச்சுப் போச்சு யாசு. வாரம் பதினாறு பக்கம் அவளைக் குதிக்க வச்சு வச்சு என் மணிக்கட்டு போயிடுச்சு. இது ஒண்ணாவது அழகா முடியட்டுமே."

அவள் சொன்னது பொய்யில்லை. அது அழகாகத்தான் இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு வந்த கோபத்தில் மைப்புட்டியைத் தூக்கி அந்தப் பனி முற்றத்தின் மேல் ஊற்றியிருப்பேன். மூடி இறுகிப் போயிருந்ததால் அந்தப் படம் பிழைத்தது. புட்டியோடு போராடிக்கொண்டிருந்த நான், என்னை அறியாமல் வாயைத் திறந்துவிட்டேன்.

கானாயே ஒரு பெரிய கடையில் அழகுசாதனப் பிரிவில் நின்றவள். பதினெட்டு வயதில் சேர்ந்தாள். மொத்த டோக்கியோவிலும் அவளைப் போல் உதட்டுக்குச் சாயம் தீட்டத் தெரிந்தவள் இல்லை என்று நான் சொன்னால் அது அக்காள் பேச்சு என்று நினைப்பீர்கள். சிகுசா சாயத்தை நடுவிரலில் தொடுவதைப் பார்த்துவிட்டு, மோதிர விரல் என்று உன் சிநேகிதியிடம் சொல் என்று போன் செய்தவள் அவள்தான். மினேகோ அன்றிலிருந்து விரலை மாற்றினாள். முப்பத்தைந்து வயது முடிந்ததும் கானாயேவைக் கடைக்காரர்கள் பின்கட்டுக்கு அனுப்பினார்கள், பெட்டி கட்டுகிற அறைக்கு. முகம் பார்க்கிற இடத்தில் முதிர்ந்த பெண் கூடாது என்பது அவர்கள் விதி. இவள் கோர்ட்டுக்குப் போனாள். அதுவரை பெரிதாக ஒரு பேச்சுக்கூடப் பேசாதவள் மூன்று வருஷம் தனியாக வழக்கு நடத்தினாள்.

கோர்ட்டுக்குப் போகும்போது சாம்பல் நிறத்தில் உடுத்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வா என்றார் அவளுடைய வக்கீல். மாதர் சங்கத்துப் பெண்களும் அதையே சொன்னார்கள். இவள் பீச் பழ நிறக் கிமோனோவில், முழு அலங்காரத்தில் போய் நின்றாள். காலையில் இந்த அலங்காரத்துக்கு எவ்வளவு நேரமாகும் என்று எதிர்வக்கீல் நக்கலாகக் கேட்டார். நாற்பது நிமிஷம், உங்கள் கேள்விக்குப் பதில் யோசிக்க ஒரு நிமிஷமே அதிகம் என்றாள். நீதிபதியே சிரிப்பை மறைக்கக் குனிந்துகொண்டார்.

இதெல்லாம் மினேகோவுக்கு அரைகுறையாகத் தெரியும். தெரியாததைச் சொன்னேன்.

"மூணாவது விசாரணை அன்னிக்கு நானும் அவளோட ரயில் ஸ்டேஷன் வரைக்கும் போனேன். கைக்குட்டையை எடுத்து நீட்டி, உதட்டைத் துடைச்சிட்டுப் போடின்னேன். இப்படிப் போனா உன்னை யாருடி நம்புவான்னேன். ஏழு வருஷமா சிகுசாவுக்குத் துணி கட்டறவ நான். என் வாயாலயே சொன்னேன்."

"அவ என்ன சொன்னா?"

"கைக்குட்டையை வாங்கி மடிச்சு என் பையிலயே போட்டா. டிக்கெட்டைக் காட்டிட்டு உள்ள போயிட்டா."

அதற்குப் பிறகு எட்டு மாதம் எங்களுக்குள் சரியான பேச்சில்லை. பிப்ரவரியில் அதே ஸ்டேஷன் படிக்கட்டில் மூளையில் ரத்தம் கசிந்து விழுந்தாள். முப்பத்தெட்டு வயது. வாதி இறந்துவிட்டதால் வழக்கு முடிந்தது என்று கோர்ட்டிலிருந்து ஒன்றரை வரிக் காகிதம் வந்தது. எங்கள் அம்மாவால் முடியாததால் பிணத்துக்கு உடுத்தும் வெள்ளைத் துணியை நான்தான் உடுத்தினேன். இடது மடிப்பை உள்ளே விட்டு, வலது மடிப்பை மேலே கொண்டுவந்தேன். கை வரவில்லை. சடங்குக்காரர் இரண்டு தடவை திருத்தினார். மூன்றாம் தடவை சரியாக வந்தது. அப்புறம் சாயத்தை எடுத்து, மோதிர விரலில் தொட்டு, அவள் உதட்டுக்கு நானே தீட்டினேன்.

"வந்து உக்காந்ததும் கை அதையே கட்டிடுச்சு மினேகோ. அது தப்பும் இல்ல, குறிப்பும் இல்ல. கானாயேக்குக் கட்டினது. அதை வச்சு சிகுசாவையும் எடுத்துடாத. ஒருத்திக்குக் கட்டினது போதும் எனக்கு."

மினேகோ எழுந்து போய்ச் சமையலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். திரும்பி வந்து பனி முற்றப் படங்களை எடுத்து அடுக்கி, கிழிக்காமல், நான் உட்காரும் மெத்தைக்குக் கீழே வைத்தாள். மேலே உட்காருடி என்றாள்.

படக்கதையில் ஏதாவது ஒரு பக்கத்தின் ஓரத்தில் கால் பக்கம் இடம் விடுவது வழக்கம். வரைகிறவள் வாசகிகளோடு பேசுகிற இடம் அது. பூனை வளர்ப்பது, சளி பிடித்தது, பிறந்தநாளுக்கு நன்றி, இப்படி எதையாவது எழுதுவார்கள். அந்த வாரம் மினேகோ தன் கையெழுத்தில் அங்கே எழுதினாள். போன வாரம் சிகுசாவின் மடிப்பு தவறாக வந்துவிட்டது, அது எங்கள் பிழை, சிகுசா உயிரோடு இருக்கிறாள், இனியும் இருப்பாள், மன்னிக்கவும். கீழே குனிந்து கும்பிடுகிற தன் படத்தையும் போட்டாள். கதையில் சிகுசா கோயிலுக்குள் போய், நாற்பது பேரையும் வாசல் வழியாகவே வெளியே அனுப்பினாள்.

பக்கங்கள் போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்தில் இகராஷி போன் செய்தார். அந்தக் கால் பக்கத்தை எடுத்துவிடுகிறேன் என்றார். எடுத்தால் அடுத்த வாரத்துப் பக்கங்கள் வராது என்றாள் மினேகோ. இருபது வருஷத்தில் அவள் யாரிடமும் அப்படிப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு, உங்கள் தலையில் நீங்களே மண்ணைப் போட்டுக்கொள்கிறீர்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

அவர் சொன்னபடியே நடந்தது.

சிகுசா பிழைத்ததைப் பார்த்துப் பிள்ளைகள் குதிப்பார்கள் என்று நான் நினைத்திருந்தேன். பைத்தியக்காரத்தனம். அட்டைகள் வந்தன. நாங்கள் வகுப்பில் எல்லோரும் சேர்ந்து சிகுசாவுக்கு ஊதுபத்தி ஏற்றினோம், இரண்டு நாள் அழுதோம், இப்போது பிழை என்கிறீர்கள் என்று ஒருத்தி. நான் அழுத கண்ணீரைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒருத்தி. ஆவியாக இருந்தபோது அவர் எவ்வளவு அழகு, இப்போது பார்த்தால் எரிச்சலாக வருகிறது என்று ஹொக்கைடோவிலிருந்து ஒருத்தி. அந்த வாரம் பன்னிரண்டாமிடம். அடுத்த வாரம் பதினேழு. பத்து வாரத்தில் முடித்துக்கொள்ளச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது.

அந்த அட்டைகளை ஒவ்வொன்றாக வாசித்தேன். பிள்ளைகள் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பத்து வயதுப் பிள்ளைகள். பிறகு கானாயேவின் சடங்கு நினைவுக்கு வந்தது. அவள் வழக்கில் சாட்சி சொல்ல வர மாட்டோம் என்று நழுவிய கடைப் பெண்கள் பதினோரு பேர் அன்றைக்கு வரிசையாக வந்து விழுந்து அழுதார்கள். எப்பேர்ப்பட்ட போராளி, கடைசிவரை எவ்வளவு அழகு என்றார்கள். அவளைப் பின்கட்டுக்கு அனுப்பிய மேலாளர் எல்லோரையும்விடப் பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தார். உயிரோடு நின்றபோது சாயம் அதிகம் என்றவர்களுக்குப் படுத்த பிறகு ஒரு குறையும் தெரியவில்லை. சிங்காரித்துக்கொண்டு சண்டையும் போடுகிறவளை எல்லோருக்கும் பிடிக்கிறது, அவள் அசையாமல் இருந்தால் போதும். இதில் பிள்ளைகளைச் சொல்லி என்ன. ஸ்டேஷனில் கைக்குட்டை நீட்டியவள் நான்.

ஜூன் மாதம் பிறந்து, கடைசி அத்தியாயத்துக்கு இரண்டு வாரம் இருக்கும்போது இகராஷி மறுபடி வந்தார். அன்றைக்கு மழை. கையில் அட்டை ஒன்றும் இல்லை, ஒரு பெட்டி இனிப்பு இருந்தது. மேலிடத்தில் காலில் விழாத குறையாகக் கேட்டு ஒரு சலுகை வாங்கி வந்திருந்தார். கடைசி அத்தியாயத்தில் சிகுசா செத்தால் முதல் எட்டுப் பக்கம் வண்ணத்தில் வரும், இதழின் முகப்பு அட்டைப் படமும் அவளுக்குத்தான். ஏழு வருஷத்தில் எங்களுக்கு அட்டைப் படம் மூன்றே தடவைதான் கிடைத்தது. அவர் எங்களுக்கு நல்லதுதான் செய்ய நினைத்தார், அதனால் அவரை வைவதும் முடியாமல் போயிற்று.

முடியாது என்றாள் மினேகோ. அப்படியானால் ஷுமேயோடு கல்யாணமாவது செய்து வையுங்கள், வெள்ளைக் கல்யாண உடையில் ஒரு முழுப் பக்கம், பிள்ளைகள் வெட்டி ஒட்டிக்கொள்வார்கள் என்றார். அதுவும் இல்லை என்றாள்.

"சாவும் இல்ல, கல்யாணமும் இல்லன்னா வேற என்னதான் ஆகும் ஒரு பொண்ணுக்கு?"

"வயசாகும்" என்றாள் மினேகோ.

இகராஷி இனிப்புப் பெட்டியின் கயிற்றை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். நம் பிள்ளைகளுக்குச் சுருக்கம் விழுந்த சிகுசா வேண்டவே வேண்டாம், யாருக்குமே வேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். கொடூரமாகச் சொல்லவில்லை, மழை பெய்கிறது என்பதைப் போலச் சொன்னார். கடையில் கானாயேவிடமும் யாரோ இப்படித்தான் சொல்லியிருப்பார்கள், கையில் இனிப்பு வைத்துக்கொண்டு.

கடைசி அத்தியாயம் கறுப்பு வெள்ளையில், இதழின் கடைக்கோடியில், பதினாறு பக்கம். பதினைந்து பக்கத்தில் சிகுசா தன் கடைசிச் சண்டையைப் போட்டு ஜெயித்தாள். ஷுமே யாரோ ஒரு மீன் வியாபாரி மகளைக் கட்டிக்கொண்டு ஒழுங்காகச் சிரிக்கப் பழகினான். பதினாறாம் பக்கம் முழுவதும் ஒரே படம். பல வருஷம் கழித்து ஒரு காலை. கடை வாசலில் சிகுசா நிற்கிறாள். அலங்காரம் குறையவில்லை. கிமோனோக் கைகளைத் தூக்கிக் கட்டியிருக்கிறாள். தெருவில் யாரோ சண்டைக்கு வந்து நிற்கிறார்கள் போலிருக்கிறது, அவர்களைப் பார்த்துச் சிரிக்கிறாள்.

துணி முழுவதையும் முடித்துப் பக்கத்தை மினேகோ பக்கம் நகர்த்தினேன். நெல்லிக்காய் அளவுக் கட்டங்கள் போட்ட, வயதுக்கேற்ற கிமோனோ. பளிச்சென்ற இடுப்புப் பட்டை. அவள் முகத்துக்கு மை போட்டாள். கண், புருவம், உதடு. எல்லாம் வந்தது. ஆனால் அது இருபது வயது முகமாகவே இருந்தது. கண்ணோரத்தை வெறுமையாக விட்டுவிட்டு மினேகோ பேனாவைத் துடைத்தாள். துடைத்து என் பக்கம் நீட்டினாள்.

எங்கள் தொழிலில் வேலைக்காரி எஜமானியின் கதாநாயகி முகத்தைத் தொடுவது கிடையாது. கை ஒடிந்தால்கூட முகத்தை எஜமானிதான் போடுவாள். அதைச் சொன்னேன். எனக்குத் தெரியாது என்றும் சொன்னேன். நான் துணிக்காரி.

"எனக்கும் தெரியாது" என்றாள் மினேகோ. "ஏழு வருஷமா இருபது வயசையே போட்டுப் போட்டு வேற வயசு வர மாட்டேங்குது. நீ போடு. கானாயேக்கு வந்திருந்தா எப்படி வந்திருக்கும்னு உனக்குத்தான் தெரியும்."

எப்படித் தெரியும். கானாயே முப்பத்தெட்டில் நின்றுவிட்டாள், கண்ணோரம் ஒரு கீறல் இல்லாமல். வெள்ளைத் துணியில் படுத்திருந்தபோதுகூட இல்லை. அவளுக்கு என்ன வந்திருக்கும் என்று யாரைப் போய்க் கேட்பேன். மை காய்ந்துகொண்டிருந்தது. கை கழுவும் இடத்துக் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்து மைப்புட்டியில் சாய்த்து வைத்தேன். எங்கள் இருவருக்கும் ஒரே கண், அப்பாவின் கண். நாற்பத்து மூன்று வயதில் அந்தக் கண்ணோரம் மேலே ஒன்றும் கீழே இரண்டுமாக மூன்று கோடு விழுந்திருந்தது. சிரித்துப் பார்த்தேன், கீழே இருந்த இரண்டும் கன்னம்வரை நீண்டன. மாதக்கணக்கில் சிரிக்காத முகம், வலித்தது. அப்படியே சிரித்துக்கொண்டு, கண்ணில் நீர் வடிய, ஒவ்வொன்றாகப் பார்த்து வரைந்தேன். வாயோரத்தில் இரண்டு. கழுத்தில் ஒன்று.

பக்கங்களை வாங்க மதியம் இகராஷி வந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார், தலையை ஆட்டினார். பதினாறாம் பக்கத்தில் நின்று, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது யாரு?" என்றார்.

"சிகுசாதான்" என்றேன். மினேகோ சொல்லட்டும் என்று நான் காத்திருக்கவில்லை. "நாப்பத்திமூணு வயசு."